1969 சி-10 பிக்கப்பைக் கார் ஏற்றும் வண்டியாக மாற்ற முடியுமா?

நீங்கள் டெக்சஸிலிருந்து கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: உங்களிடம் எட்டடிப் பெட்டி கொண்ட 1969ஆம் ஆண்டுச் செவர்லே சி-10 பிக்கப் ஒன்று இருக்கிறது. அதன் பின்பெட்டியைக் கழற்றிவிட்டு, சாய்தளத்துடன் கூடிய இரும்புத் தளத்தைப் பொருத்தி, உங்கள் 1966 ஃபோர்டு மஸ்டாங்கை அதன் மேல் ஏற்றிக்கொண்டு கண்காட்சிகளுக்கும் பந்தயத் திடல்களுக்கும் போய்வர விரும்புகிறீர்கள். தளத்துக்கு எந்தக் கனத்தில் இரும்பு போடுவது, ஓரளவு வெல்டிங் தெரிந்தவர் வீட்டுக் கராஜிலேயே இதைச் செய்துவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். இரும்பின் கனத்துக்கான விடை எளிது, அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த மஸ்டாங்கின் எடை வண்டியின் எந்த இடத்தில் போய் விழும், அந்த இடத்தில் உள்ள அச்சும் சேஸியும் அதைத் தாங்குமா என்பது.

ஒஹாயோவில் லாரிகளுக்குத் தளமும் பெட்டியும் கட்டும் பட்டறையில் நெடுங்காலம் பொறியாளராக வேலை பார்த்து வருபவன் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சி-10 சேஸியின் மேல் மஸ்டாங்கை ஏற்றக் கூடாது. ஆனால் உங்கள் சி-10-இன் கேபினையும் முகப்பையும் தகுந்த வேறொரு சேஸிக்கு மாற்றி, நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் அதே தோற்றத்தில் ஒரு ராம்ப் டிரக்கை, அதாவது சாய்தளம் வைத்த கார் ஏற்றும் வண்டியை, கட்டுவது நிச்சயமாக முடியும். கீழே வரும் எடைக் கணக்குகளும் சாய்வுக் கணக்குகளும் எந்த வண்டிக்கும் பொருந்தும் இயற்பியல் என்பதால் அவற்றை உறுதியாகவே சொல்கிறேன். துரு எவ்வளவு அரித்திருக்கிறது, முந்தைய உரிமையாளர் எங்கே வெல்டிங் வைத்து மறைத்திருக்கிறார் என்பன போன்றவற்றை வண்டியின் கீழே படுத்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் எடை வரம்பு. சி-10 என்பது அரை டன் வகுப்பு. உற்பத்தியாளர் அனுமதித்த மொத்த எடை, அதாவது வண்டி, எரிபொருள், ஆட்கள், சுமை அனைத்தும் சேர்ந்த எடை, அந்தக் கால சி-10-களில் 5,000 பவுண்டைச் சுற்றியே இருந்தது. உங்கள் வண்டிக்கு உரிய துல்லியமான எண் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் காலி எடையே 3,500 முதல் 4,000 பவுண்டு வரை வந்துவிடுகிறது. மிஞ்சுவது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு. வி-8 என்ஜின் உள்ள 1966 மஸ்டாங்கை எரிபொருள், உதிரி டயர், டிக்கியில் கிடக்கும் சாமான்களோடு சேர்த்து 3,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1,360 கிலோ. இதற்கு மேல் தளத்தின் எடை வேறு. வரம்பைக் கொஞ்சம் மீறுகிறோம் என்ற கதை இல்லை இது. அனுமதிக்கப்பட்ட சுமையைப் போல மூன்று நான்கு மடங்கை ஏற்றுகிறோம். சி-10-க்குப் பின்னால் காயில் ஸ்பிரிங் வருவதால், கனமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டியின் பின்புறம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். அச்சும், பேரிங்கும், பிரேக்கும், சேஸியின் நீளச் சட்டங்களான ஃபிரேமும் பழையபடியேதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எடை விழும் இடத்தில் இருக்கிறது. உங்கள் சி-10-இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 127 அங்குலம். கேபினின் பின்சுவரிலிருந்து பின் அச்சு மையம் வரை ஏறத்தாழ 54 அங்குலம்தான் இருக்கும். மஸ்டாங்கை முகப்பு முன்னோக்கி இருக்குமாறு ஏற்றி, அதன் முன் பம்பரைக் கேபினிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி நிறுத்துவதாகக் கொள்வோம். பம்பரிலிருந்து அதன் முன் சக்கர மையம் சுமார் 34 அங்குலம். ஆகவே முன் சக்கரம் கேபினிலிருந்து 40 அங்குலத்தில் நிற்கும். மஸ்டாங்கின் அச்சு இடைத்தூரம் 108 அங்குலம். என்ஜின் முன்னால் இருப்பதால் எடையில் ஏறத்தாழ 55 விழுக்காடு முன் சக்கரங்களின் மேல் இருக்கும் என்று கொண்டால், அதன் எடை மையம் முன் சக்கரத்துக்கு 49 அங்குலம் பின்னால், அதாவது கேபினிலிருந்து 89 அங்குலத்தில் விழும். உங்கள் பின் அச்சோ 54-இல் இருக்கிறது. ஆக, 3,000 பவுண்டு எடை பின் அச்சைத் தாண்டி 35 அங்குலம் பின்னால் தொங்குகிறது. பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்ட நெம்புகோலாகவே வண்டி மாறிவிடுவதால், முன் அச்சின் மேலிருந்து 3,000 பெருக்கல் 35 வகுத்தல் 127, அதாவது சுமார் 825 பவுண்டு தூக்கப்படும்; அதே அளவு கூடுதலாகப் பின் அச்சின் மேல் இறங்கும். முன் சக்கரங்களில் வழக்கமாக இருக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போன வண்டியை, மழை பெய்த சாலையில் 60 மைல் வேகத்தில் திருப்ப வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பின் அச்சிலோ தளத்தையும் சேர்த்து 6,000 பவுண்டுக்கு மேல் போய்விடும். அது அந்த அச்சுக்கு உரியதைவிட வெகு அதிகம்.

பழைய ராம்ப் டிரக்குகளின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1970இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் விளம்பரத்துடன் நேர்ப்பாதைப் பந்தய வீரர்களான டான் புரூடோமும் டாம் மெக்யூவனும் தங்கள் பந்தயக் கார்களை ஏற்றிச் சென்ற டாட்ஜ் டி-700 வண்டிகள் அவற்றில் புகழ் பெற்றவை. அவை பிக்கப்புகள் அல்ல, நடுத்தர லாரிகள் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்து ராம்ப் டிரக்குகள் பலவற்றில் தளத்தின் முன்பகுதி கேபின் கூரைக்கு மேலே ஏறி நிற்பதையும், காரின் மூக்கு ஓட்டுநர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம். பார்வைக்கு அழகு என்பதற்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. காரை இரண்டு மூன்று அடி முன்னே தள்ளினால் அதன் எடை மையம் பின் அச்சுக்கு முன்னால் வந்துவிடும் என்பதே காரணம். மெர்சிடஸ்-பென்ஸ் நிறுவனம் 1955 பந்தயப் பருவத்தில் பயன்படுத்திய நீல நிறக் கார் வண்டி இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. 300 எஸ்எல் காரின் என்ஜினைக் கொண்டு மணிக்கு 170 கிலோமீட்டர் வரை ஓடிய அந்த வண்டியில் ஓட்டுநர் இருக்கை முன் சக்கரங்களுக்கும் முன்னால் வைக்கப்பட்டது. அதனால் பந்தயக் கார் இரண்டு அச்சுகளுக்கும் இடையில் தாழ்வாக உட்கார இடம் கிடைத்தது. அசல் வண்டி 1967இல் உடைக்கப்பட்டுவிட்டது; இன்று இருப்பது பிற்காலத்தில் மறுபடி கட்டியது. என்ஜினுக்கு மேலேயே கேபின் அமைந்த 1940-களின் செவர்லே, ஃபோர்டு லாரிகளை இன்றைக்குப் பலர் தேடிப் பிடித்துக் கார் ஏற்றும் வண்டியாக்குவதும் இதே காரணத்தால்தான். கேபின் குட்டையாக இருப்பதால் அதன் பின்னால் நீளமான இடம் கிடைக்கிறது.

உங்களிடம் இருப்பது மூக்கு நீண்ட பிக்கப். அதற்கு நான் பரிந்துரைக்கும் வழி இது. 1967 முதல் 1972 வரையிலான சி-10-க்கும் ஒரு டன் வகுப்பைச் சேர்ந்த சி-30-க்கும் கேபின், கதவு, பானெட், முன் ஃபெண்டர் எல்லாம் ஒன்றே. சி-30, பெட்டி இல்லாமல் கேபினும் சேஸியும் மட்டுமாக, 157 அங்குல அச்சு இடைத்தூரத்தில் விற்கப்பட்டது. பண்ணைகளிலும் பழைய இழுவை வண்டிகளின் அடியிலும் அவை இன்னும் கிடைக்கின்றன. அதில் கேபினின் பின்சுவரிலிருந்து பின் அச்சு வரை சுமார் 84 அங்குலம் இருக்கும். மேலே போட்ட கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள்: மஸ்டாங்கின் எடை மையம் பின் அச்சுக்கு ஐந்து அங்குலம் மட்டுமே பின்னால் விழுகிறது, முன் அச்சிலிருந்து தூக்கப்படுவது நூறு பவுண்டுக்கும் குறைவு. 19 அடித் தளத்தின் சொந்த எடை 1,500 பவுண்டு என்றும் அதன் மையம் பின் அச்சுக்கு 30 அங்குலம் பின்னால் என்றும் கொண்டால் இன்னொரு 290 பவுண்டு போகும். இரண்டும் சேர்ந்து நானூறுக்குள் அடங்கும். ஓட்டக்கூடிய நிலைதான், ஆனால் நான் நிறைவடைய மாட்டேன். தளத்தின் முன்பகுதியை உயர்த்திக் காரின் மூக்கைக் கேபின் கூரைக்கு மேல் கொண்டுபோகலாம். அல்லது சேஸியை 30 அங்குலம் நீட்டலாம். நீட்டினால் பின் அச்சு 114 அங்குலத்துக்குப் போய்விடுவதால், தளத்தின் மையம் அச்சின் மேலேயே அமரும். மஸ்டாங் 25 அங்குலம் முன்னால் நின்று, முன் அச்சுக்கு 400 பவுண்டு கூட்டிக்கொடுக்கும். அதற்கு விலையாகத் திரும்பும் வட்டம் பெரிதாகும், கேபினுக்குப் பின்னால் ஃபிரேம் தாங்க வேண்டிய வளைவு விசையும் கூடும்.

கேபின் மாற்றத்தில் சட்டச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. வாகன அடையாள எண் கேபினின் தகட்டிலும் இருக்கும், ஃபிரேமிலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றின் தகட்டைக் கழற்றி இன்னொன்றில் ரிவெட் அடிப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் குற்றமாகவே கருதுகிறது. "என் சொந்த வண்டிதானே" என்பது அங்கே எடுபடாது. ஆகவே சி-30-க்கு முறையான உரிமைப் பத்திரம் இல்லாமல் அதை வாங்காதீர்கள். முடிந்தால் சி-30-இன் கேபினையே வைத்துக்கொண்டு, உங்கள் சி-10-இலிருந்து நல்ல கதவுகள், ஃபெண்டர், கிரில், உட்புற அலங்காரம் ஆகியவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தோற்றத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, ஆவணமும் நேராக இருக்கும்.

ஃபிரேமை நீட்டுவது வீட்டுக் கராஜில் செய்யக்கூடிய வேலையா என்றால், வெல்டிங் தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதே என் கருத்து. இந்த வகுப்பு வண்டிகளின் ஃபிரேம் சாதாரண மென் எஃகு, ஆகவே வெல்டிங் வைக்கலாம். கனரக லாரிகளில் வரும், வெப்பச் செயல்முறைக்கு உட்பட்ட உயர்வலிமை ஃபிரேமில் வைத்தால் அந்த இடத்தில் வலிமை போய்விடும். வெட்டிய முனைகளுக்கிடையே ஒரே அளவுள்ள சேனலை, அதாவது "ப" வடிவ இரும்புச் சட்டத்தை, வைத்து முழு ஆழத்துக்கும் வெல்டிங் ஊடுருவுமாறு இணைத்து, மேல் கீழ் விளிம்புகளில் அதைச் சமமாகத் தேய்த்துவிட்டு, உட்புறம் இணைப்பைத் தாண்டி இருபக்கமும் நீளும் வலுத் தகடு வைக்க வேண்டும். அந்தத் தகட்டின் முனைகள் சதுரமாக முடியக் கூடாது, சரிவாகக் குறுகிக்கொண்டே போய் முடிய வேண்டும். விளிம்பில் குறுக்காக வெல்டிங் வைக்கவும் கூடாது, துளை போடவும் கூடாது. பழுதுக்கு வரும் வண்டிகளில் ஒரே மாதிரியான காட்சியைப் பார்க்கிறேன்: கேபினுக்குச் சற்றுப் பின்னால், யாரோ அவசரத்தில் வெல்டிங் வைத்த ஒரு சிறு பிராக்கெட்டின் மூலையிலிருந்து, ஃபிரேமின் விளிம்பை நோக்கி முடி கனத்தில் ஒரு செம்பழுப்புக் கோடு ஓடும். பெயின்டின் மேல் துரு கசிந்த அந்தக் கோடுதான் விரிசல். துடைத்தால் அழியும், ஒரு மழைக்குப் பிறகு மறுபடி தோன்றும். நீங்கள் வாங்கப்போகும் சேஸியில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். பழைய இழுவை வண்டியாக இருந்தால் கட்டாயம் தேடுங்கள்.

தளத்தை ஃபிரேமோடு நேரடியாக வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவது அடுத்த பொதுத் தவறு. லாரி ஃபிரேம் ஓடும்போது முறுக்கிக்கொண்டு முறுக்கவிழ்ந்துகொண்டே இருக்கும். அதற்காகவே அது திறந்த சேனலாகச் செய்யப்படுகிறது. அதன் மேல் விறைப்பான 19 அடித் தளத்தைப் பூட்டிவிட்டால் முறுக்கு முழுவதும் தளம் முடிகிற இடத்தில், அதாவது கேபினுக்குப் பின்னால், குவியும். ஆகவே தளத்துக்குத் தனியாக ஒரு துணை ஃபிரேம் செய்து, இரண்டுக்கும் இடையே கெட்டி மரச் சட்டமோ ரப்பரோ வைத்து, பின்பகுதியில் பக்கத் தகடுகளாலும் முன்பகுதியில் ஸ்பிரிங் வைத்த போல்ட்டுகளாலும் பிடிக்க வேண்டும். துணை ஃபிரேமின் முன் முனையையும் சரிவாக வெட்டிவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட இரும்பு. துணை ஃபிரேமுக்கு அடிக்கு 6.7 பவுண்டு எடையுள்ள ஐந்து அங்குலச் சேனல் இரண்டு, அதன் மேல் அடிக்கு 4.1 பவுண்டு எடையுள்ள மூன்று அங்குலச் சேனல்கள் இரண்டடி இடைவெளிக்குள் குறுக்காக, அதன் மேல் எட்டில் ஓர் அங்குலக் கனமுள்ள புடைப்புத் தகடு. இந்த எடைக்கு இது போதும். ஆனால் தளம் முழுவதையும் தகடு போட்டு மூடாதீர்கள். அந்தத் தகடு சதுர அடிக்கு ஆறு பவுண்டுக்கு மேல் வரும். 19 அடிக்கு 8 அடித் தளத்தை மூடினால் தகடு மட்டுமே 930 பவுண்டு. சக்கரம் ஓடும் இரண்டு தடங்களுக்கு மட்டும் இருபது அங்குல அகலத்தில் போட்டு நடுவைத் திறந்துவிட்டால் 390 பவுண்டில் முடிந்துவிடும். மிச்சமாகும் 540 பவுண்டு, எடை வரம்பில் உங்களுக்கு மூன்று பெரிய ஆட்களுக்கு உரிய இடம். பழைய ராம்ப் டிரக்குகளின் நடுப்பகுதி திறந்தே இருந்ததால் காரின் அடியில் கொக்கி மாட்டுவதும் எளிதாயிற்று. அலுமினியத்தில் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் அதற்கென்று பழகிய கைக்கே விட்டுவிடுங்கள், ஏனெனில் கடினப்படுத்திய அலுமினியம் வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டித் தன் வலிமையில் பெரும் பகுதியை இழந்துவிடும்.

அச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. சி-10-இன் பின் அச்சில் சக்கரத்தின் எடையைச் சுழலும் ஷாஃப்டே சுமக்கிறது. ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் வெளியே வந்துவிடும். சி-30-இல் எடையைச் சுமப்பது அச்சின் வெளிக்கூடான ஹவுசிங்கின் மேல் அமர்ந்த, சக்கரம் பூட்டும் ஹப்பும் இரண்டு பேரிங்குகளும். ஷாஃப்டின் வேலை சுழற்றுவது மட்டுமே. அதைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டாலும் வண்டி தன் சக்கரங்களில் நிற்கும். முதுகில் சுமையோடு நெடுந்தூரம் போகிற வண்டிக்கு இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் கனரகப் பிக்கப்புகளில் போட்ட, பத்தரை அங்குலக் கிரவுன் பல்சக்கரம் கொண்ட பதினான்கு போல்ட் அச்சும் இதே வகை. உதிரி பாகங்கள் மலிவாகக் கிடைப்பதால் பழைய அச்சு தேய்ந்திருந்தால் பலர் அதற்கே மாறுகிறார்கள்.

பிரேக்கில் கைவைக்காமல் விடாதீர்கள். 1969 வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். செவர்லே தன் பிக்கப்புகளில் முன் டிஸ்க் பிரேக்கை 1971இல்தான் இயல்பாகக் கொடுக்கத் தொடங்கியது. ஒரு சுற்றில் எண்ணெய் கசிந்தாலும் மறு சுற்று பிரேக் பிடிக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் 1967இலேயே வந்துவிட்டது என்பது ஆறுதல். 4,000 பவுண்டு வண்டி, கனமான சேஸி, தளம், மஸ்டாங் எல்லாம் சேர்ந்து 9,300 பவுண்டாகும்போது, அதே வேகத்தில் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்குக்கு மேல் ஆகிறது. 1971-72 சி-30-இன் முன் டிஸ்க் அமைப்பை அப்படியே மாற்றிவிடலாம். ஸ்டியரிங் பம்ப்பின் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பூஸ்டரையும் சேர்த்தால் மிதி லேசாகும். டயர் பற்றி எச்சரிக்கை ஒன்று. பழைய ஒரு டன் வண்டிகளில் பல துண்டுகளாக இணைக்கும் பூட்டு வளைய ரிம்களும், பதினாறரை அங்குல ரிம்களும் வந்தன. முன்னதில் காற்று ஏற்றும்போது வளையம் தெறித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பின்னதற்குப் புதிய டயர் கிடைப்பது அரிது. அதன் மேல் பதினாறு அங்குல டயரை வலுக்கட்டாயமாக ஏற்ற முயன்றால் வெடிக்கும். இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு ஒரே துண்டாலான பதினாறு அங்குல ரிம்களைப் போடுங்கள். 235/85ஆர்16 அளவில் இ சுமை வகுப்பு டயர், இரட்டையாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் 2,778 பவுண்டு தாங்கும். பின்னால் நான்கும் சேர்ந்தால் 11,000-ஐத் தாண்டுவதால் டயர் உங்களைக் கைவிடாது.

என்ஜின் குறித்து மக்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். என் கணிப்பில் இந்த வேலையில் அதற்குக் கடைசி இடம். நல்ல நிலையிலுள்ள 350 கன அங்குல வி-8 போதும். கியர் விகிதமே முக்கியம். பின் அச்சில் 4.56 விகிதம் இருந்து, மேலே சொன்ன டயரும் இருந்தால், நேர் கியரில் மணிக்கு 65 மைல் வேகத்துக்கு என்ஜின் நிமிடத்துக்கு 3,140 சுற்று சுழலும். அது காதையும் எரிபொருளையும் தின்றுவிடும். 4எல்80இ தானியங்கிக் கியர் பாக்ஸின் 0.75 ஓவர்டிரைவ், அதாவது என்ஜின் சுற்றைக் குறைக்கும் உயர் கியர், அதை 2,350-க்குக் கொண்டுவரும். கையால் கியர் மாற்ற விரும்பினால் என்வி4500 கியர் பாக்ஸின் ஐந்தாவது கியர் 0.73. டீசல் ஆசை இருந்தால் டாட்ஜ் 1989 முதல் பிக்கப்பில் பொருத்திய 5.9 லிட்டர் கம்மின்ஸ் இருக்கிறது, ஆனால் அதன் எடையை முன் ஸ்பிரிங்குகள் சுமக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கார் ஏறும் சாய்வில்தான் பெரும்பாலான வீட்டு முயற்சிகள் தடுக்கி விழுகின்றன. தளத்தின் உயரம் மூன்றடி என்று வைத்துக்கொள்வோம். எட்டடிச் சாய்தளத்தை நேரே சாய்த்தால் கோணம் 22 டிகிரி. மஸ்டாங் அதில் ஏறும்போது முன் பம்பர் இடிக்கும். இடிக்காமல் ஏறினாலும் உச்சியில் வயிறு தட்டி நின்றுவிடும். 108 அங்குல அச்சு இடைத்தூரமும் ஐந்தரை அங்குலத் தரை இடைவெளியும் உள்ள கார், வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய உச்சிக் கோண மாற்றம் பதினொன்றரை டிகிரி மட்டுமே. இதைச் சமாளிக்கத் தளத்தின் கடைசி ஆறு அடியை ஓர் அடி கீழே சரித்துக் கட்டுங்கள். அதன் சாய்வு ஒன்பதரை டிகிரி. அதன் விளிம்பு இப்போது தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருப்பதால் எட்டடிச் சாய்தளத்தின் கோணம் பதினான்கரை டிகிரியாகக் குறையும். கார் முதலில் ஐந்து டிகிரி, பிறகு ஒன்பதரை டிகிரி என்று இரண்டு கட்டமாகத் திரும்புவதால் வயிறு தட்டாது. பின் ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பதில் காற்றுப் பை வைத்து ஏற்றும் நேரத்தில் ஆறு அங்குலம் தாழ்த்தினால் சாய்தளம் பதினொரு டிகிரிக்கும் கீழே வரும். காரைப் பின்னர் தாழ்த்தும் எண்ணம் இருந்தால் இது தேவைப்படும், இல்லாவிட்டால் வீண் செலவு. சரித்த வாலுக்கும் ஒரு குறை உண்டு: பெட்ரோல் நிலையங்களின் செங்குத்தான நுழைவாயில்களில் அது தரையை உரசும்.

ஏற்றுவதற்கு வின்ச் (கேபிளைச் சுருட்டி இழுக்கும் கருவி) வையுங்கள், என்ஜினைக் கிளப்பி ஓட்டி ஏற்ற வேண்டாம். பதினான்கரை டிகிரிச் சாய்வில் 3,000 பவுண்டுக் காரை இழுக்கத் தேவையான விசை சுமார் 750 பவுண்டும் உருளும் உராய்வும்தான். 5,000 பவுண்டு வின்ச் தாராளம். இழுக்கும்போது கேபிளின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. ஏற்றிய பின் நான்கு சக்கரங்களையும் தனித்தனியே இரண்டு அங்குல ராட்செட் பட்டைகளால் கட்டுங்கள். வணிக வண்டிகளுக்கான கூட்டரசு விதி, சுமை முன்னோக்கி நகர முனையும்போது அதன் எடையில் 0.8 மடங்கு விசையைக் கட்டு தாங்க வேண்டும் என்கிறது. உங்கள் காருக்கு அது 2,400 பவுண்டு. வழக்கமான பட்டையின் பாதுகாப்பான சுமை 3,333 பவுண்டு. 45 டிகிரியில் சாய்த்துக் கட்டும்போது அதில் எழுபது விழுக்காடுதான் பயன்படும் என்றாலும், பின்னோக்கி இழுக்கும் இரண்டு பட்டைகளே 4,600-க்கு மேல் தாங்கிவிடும். ஆனால் பட்டை மாட்டும் கொக்கி வளையம் தளத்தின் தகட்டில் வெல்டிங் வைத்ததாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பயனில்லை. வளையம் சேனலோடு போல்ட் போட்டிருக்க வேண்டும்.

சட்டத்தில் இரண்டு எண்கள் நினைவில் இருக்கட்டும். அகலம் 80 அங்குலத்தைத் தொட்டால் மேல் விளிம்புகளில் அகல விளக்குகள் கட்டாயம். உங்கள் தளம் அதைத் தாண்டிவிடும். மொத்த எடை வரம்பு 10,001 பவுண்டை எட்டும் வண்டியை மாநிலம் விட்டு மாநிலம் தொழிலுக்காக ஓட்டினால் கூட்டரசுப் போக்குவரத்துத் துறையின் எண் பெற வேண்டும். சொந்தப் பொழுதுபோக்குக்கு இது பொதுவாகப் பொருந்தாது. ஆனால் பரிசுப் பணம், விளம்பரதாரர் பெயர் பொறித்த கதவு என்று வந்துவிட்டால் சாலையோர அதிகாரி வேறு மாதிரிப் பார்க்கக்கூடும். தளம் பின்னால் எவ்வளவு நீளலாம் என்ற, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் வரம்பை உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையிடமே கேளுங்கள்.

செலவை முன்னிட்டு ஒன்று சொல்ல வேண்டும். காரைக் கொண்டுபோவது மட்டுமே நோக்கமென்றால், ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும் இரண்டு அச்சுகளும் மின் பிரேக்கும் கொண்ட சாதாரணக் கார் டிரெய்லரை இக்காலப் பிக்கப் ஒன்றின் பின்னால் மாட்டுவது எல்லா வகையிலும் மலிவு, பாதுகாப்பு, எளிது. சி-10-ஐ அப்படியே அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். ராம்ப் டிரக்கைக் கட்டுவது அதன் மேல் உள்ள ஆசைக்காகத்தான். அந்த ஆசையில் தவறொன்றும் இல்லை, எனக்கும் அது உண்டு.

கட்டுவதென்றே முடிவு செய்தால், சி-30 சேஸியை வாங்கியவுடன், எதையும் வெட்டுவதற்கு முன், லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலை நிலையங்களில் உள்ள எடைமேடைக்கு அதை ஓட்டிச் செல்லுங்கள். அங்கே முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியாக அச்சிட்டுக் கொடுப்பார்கள். மஸ்டாங்கையும் அதே மேடையில் ஏற்றி அதன் இரண்டு அச்சு எடைகளையும் வாங்கிவிடுங்கள். நான் 55 விழுக்காடு என்று எடுத்துக்கொண்ட இடத்தில் உங்கள் காரின் உண்மையான எண்ணைப் போடலாம். அந்த நான்கு எண்களையும், கேபினிலிருந்து பின் அச்சு வரை நீங்களே நாடா பிடித்து அளந்த தூரத்தையும், ஃபிரேமின் இருபுறப் படங்களையும் இங்கே பதிந்தால், தளத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, நீட்ட வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் வண்டிக்கே உரிய கணக்காகப் போட்டுத் தருகிறேன்.